அப்பாவுக்கும் இருந்தது

என் மகளின் கல்யாணத்துக்கு, தானா ராத்தா டவுன் மண்டபத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் ஒரே மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். தேயிலை எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே கூட்டம். இப்போது ஆளுக்கொரு முட்டிவலி, ஆளுக்கொரு மாத்திரை டப்பா. சோறு பரிமாறி முடிப்பதற்குள் பேச்சு லோரிக்கு வந்துவிட்டது. நாம் எப்போது கூடினாலும் அது அங்கேதான் வந்து நிற்கும்.

கிராணியின் மகள்தான் ஆரம்பித்தாள். தோட்டத்து ஆபீசில் துரைக்கு அடுத்தபடியாக இருந்த பெரிய கிராணியின் ஒரே பெண். என் மருமகனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, ஒங்க பொண்டாட்டியோட தாத்தா எங்க எல்லாரையும் கொழுந்து லோரியில ஏத்திக்கிட்டு கம்போங் ராஜா வரைக்கும் போனாரு. எங்களுக்கு அதான் லா மொத டூரு. அவரு மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறந்துதான் வரணும்," என்றாள்.

நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டபடி நகர்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். அதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய மாதங்களும் லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் கதவுக்குள்ளேயே கிடந்தன. நான் அவற்றை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதால் என் மகளுக்கு ஒரு கெடுதல் வரப் பார்த்தது. எனவே இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினைந்து. அப்பா கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் மலைச் சரிவில் பெண்கள் கிள்ளிய கொழுந்தை நிறுவை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். மத்தியானம் இன்னொரு நடை, சாயங்காலம் இன்னொரு நடை. அவர் உடம்பிலேயே பச்சைக் கொழுந்தின் வாடையும் டீசல் வாடையும் கலந்து ஊறிப்போயிருக்கும். பேச்சு குறைவு. "எண்ணெய் போடாத கதவுகூட ஒங்கப்பாவவிட அதிகமா பேசும்" என்று அம்மா சொல்வாள்.

அந்த வருடக் கடைசி விடுமுறையில் கதவு திறந்துகொண்டது.

ஒரு விடிகாலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். பனி லயத்துக் கூரை வரை இறங்கியிருந்தது. அப்பா சட்டையில்லாமல் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவெட்டர் போட்டுக்கொண்டும் பல் கிட்டித்த எனக்கு அவரைப் பார்க்கவே குளிரெடுத்தது. என்னைக் கண்டதும், "புள்ள, இங்க வா! லோரிக்கு மொகம் இருக்கு தெரியுமா? பாரு, சிரிக்குது பாரு!" என்று என்னைத் தூக்கி முன்பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் என்னைத் தூக்கியதே அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

அடுத்து, தொழிற்சாலை ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை, கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு, எங்கிருந்தோ ஒரு டப்பா மஞ்சள் என்று பெயிண்ட் கொண்டுவந்து லோரியின் பக்கப் பலகைகளில் மயில் வரைந்தார். அந்த மயில்களுக்குக் கழுத்து வாத்துக் கழுத்தைவிட நீளம். நாமெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். துரைகூட ஜீப்பை நிறுத்திப் பார்த்து, "வெரி குட், வெரி குட்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் தூங்கியதை அந்த நாட்களில் நான் பார்க்கவே இல்லை. ஒரு பேச்சை முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் தாவினார். கியா பார்ம் பக்கத்துச் சீனர் தோட்டத்திலிருந்து அம்மாவுக்குக் கை கொள்ளாமல் பூக்கள் கொண்டுவந்தார். வைப்பதற்குப் பாத்திரமில்லாமல் அம்மா அவற்றைக் குளிக்கும் வாளியில் போட்டு வைத்தாள். அவளுக்கு வெட்கம். அடுப்பை ஊதிக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் புருஷன் தன்னிடம் அத்தனை பேசியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அது கெட்டதற்கு அறிகுறி என்று எப்படி நினைப்பாள்?

பிறகு அந்தக் கம்பி. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவின் உச்சியிலிருந்து லோரிப் பாதை வரைக்கும் அப்பா ஒரு இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். கிணற்று ராட்டினம் ஒன்றை அதில் மாட்டி, அதிலிருந்து கூடையைத் தொங்கவிட்டார். மேலே கொழுந்தை நிரப்பித் தள்ளிவிட்டால் கூடை சரசரவென்று கீழே வந்து சேர்ந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அம்மாவின் நெற்றியில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், உங்கள் அம்மாமார்களுக்கும் இருந்தது. அப்பா எல்லோர் முன்னாலும் அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டு, "இனிமே எந்தப் பொம்பளைக்கும் இது வரக்கூடாது. நான் தொரகிட்ட பேசப்போறேன். இந்தியாக்காரன், சிலோன்காரன் எல்லாம் நம்மகிட்ட வந்துதான் இத வாங்கப்போறான்," என்றார்.

கம்பி நல்ல யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்தியாவும் சிலோனும்தான் அதிகப்படி. ஆனால் அந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தபோது, எது யோசனை எது காய்ச்சல் என்று பிரித்துப் பார்க்க எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? "மூளக்காரன் லா" என்றார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அப்புறம்தான் நம்முடைய லோரிப் பயணம். காலை நடை முடிந்து கொழுந்தை இறக்கிவிட்டு லயத்து முன்னால் நின்றார். ஹாரனை அடித்தார். "ஏறுங்க எல்லாரும்! மழ வர்றதுக்குள்ள கம்போங் ராஜா போயிட்டு வந்துடலாம்!" துரையிடம் கேட்டாரா, கிராணியிடம் கேட்டாரா என்று நமக்கு என்ன கவலை? ஏறினோம். பலகையில் ஒட்டியிருந்த கொழுந்துத் துணுக்குகள் நம் பாவாடையெல்லாம் அப்பிக்கொண்டன. அப்பா பாட, நாம் திருப்பிப் பாடினோம். கியா பார்மில் நிறுத்தி அவித்த சோளம் வாங்கித் தந்தார். கையில் காசில்லை, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நேரம் பாக்குறதுக்கு இனிமே நேரம் இல்ல!" என்று சிரித்தார். ஆவி பறக்கும் சோளத்தைக் கடித்துக்கொண்டு, பனிக்குள்ளே கோஸுத் தோட்டங்கள் வருவதும் மறைவதுமாக நாம் போனோம். அதுவரை உங்கள் கதையும் என் கதையும் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது, ஈரமான ஒரு வளைவில், பலகையின் கொண்டி கழன்று கிராணியின் மகள் கீழே விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது. அவள் இன்று அதைத் தழும்பு காட்டிப் பெருமையாகச் சொல்கிறாள். அன்று அவள் முகம் வெள்ளையாகிப் போனதை நான் பார்த்தேன். அப்பா குதித்து ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல தாயி! ஒடிஞ்ச எலும்புதான் பின்னால இரும்பாவும்!"

அந்தச் சிரிப்பைக் கண்டு நான் பின்னால் நகர்ந்தேன். மிச்சம் வைத்திருந்த சோளத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் கிராணி வந்து நின்றபோதும் அந்தச் சிரிப்பு போகவில்லை. அவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"எம்புள்ள கை ஒடிஞ்சு கெடக்கு. நீ சிரிக்கிறியாடா? குடிச்சிருக்கியா?"

"ஐயா, அந்தக் கம்பி விசயம் தொரகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டார் அப்பா.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவர் குடிகாரர். லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். கம்பியை அறுத்துச் சுருட்டி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகும் ஒரு பத்துப் பதினைந்து நாள் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கேட்க ஆளில்லாதபோது தேயிலைச் செடிகளிடம் பேசினார்.

பள்ளி திறந்த பிறகு, பொங்கலுக்கு முந்திய வாரம், ஒரு காலையில் அப்பா வேலைக்குப் புறப்பட வாசல் படியில் உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைப் போட்டுக்கொண்டார். இன்னொன்று கையில் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது அதே இடத்தில் இருந்தார். ஒரு காலில் பூட்ஸ், ஒன்று கையில். நான் அதை வாங்கி ஓரமாக வைத்தேன். கொடுத்துவிட்டார். உள்ளே போய்ப் படுத்தார். சித்திரை வரைக்கும் அவர் சரியாக எழுந்திருக்கவில்லை.

நம் வீடுகளில் குளிர் புகாமல் இருக்கப் பலகைச் சுவரில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஒட்டி வைத்திருப்பார்களே, அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். அப்பா சுவரைப் படிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே செய்தியை எத்தனை நாள் படிப்பார் என்று பிறகுதான் தோன்றியது. கம்பளியில் வேர்வையும் பழைய எண்ணெயும் நாறும். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தால் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருப்பார். ஆறி ஆடை படியும். நான் வாங்கிக்கொண்டு போவேன். "முடியல புள்ள," என்பார். அவ்வளவுதான் பேச்சு.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "ஒடம்புல ஒண்ணுமில்ல. மாலாஸ்," என்று மலாயில் ஒரே சொல்லில் முடித்தார். சோம்பல். அம்மா அதை நம்பவில்லை. லோரி போன அவமானத்தில் படுத்துவிட்டார் என்பது அவள் கணக்கு. கோயில் பூசாரிக்கு வேறொரு கணக்கு: எல்லை தாண்டிப் போன இடத்தில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேப்பிலையோடு வந்து, அப்பாவை உட்கார வைத்து, தோளில் அடித்து, "உள்ள இருக்குறது யாரு? பேரச் சொல்லு!" என்று அதட்டினார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மரியாதையாகத் தன் சொந்தப் பெயரையே சொன்னார். "நாந்தான் சாமி. வேற யாரும் இல்ல."

பூசாரி கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் கையில் இருந்த அளவுகோலால் அளந்தார்கள்.

அம்மாவின் சம்பளத்தில் நாலு வயிறு நிறையவில்லை. அண்ணன் படிப்பை நிறுத்தினான். வாத்தியார் வீடு தேடி வந்து, "இன்னும் ஒரு வருசம் பொறுத்துக்கங்கம்மா, பையன் மேல வருவான்," என்று கெஞ்சினார். அண்ணன் அவரை விட்டுத் திரும்பினான். அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க படுத்துக் கெடங்க. நான் போறேன். சோம்பேறிக்குப் பொறந்தா இதான் கதி." அப்பா திரும்பவில்லை. கம்பளிக்கு வெளியே தெரிந்த அவருடைய கால் விரல்கள் மட்டும் மடங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை.

அண்ணனை மட்டும் சொல்வானேன். ஒரு நாள் தேநீரைக் கொடுத்துவிட்டு நானும் கேட்டேன்: "அந்த லோரி அப்பா எப்பப்பா திரும்பி வருவாரு?"

அவர் கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. அழுகைச் சத்தம் இல்லை. "எனக்கும் தெரியல புள்ள," என்றார். என் பிள்ளைப் பருவத்தில் நான் செய்த தப்புகளில் இன்றும் சுடுவது அது ஒன்றுதான்.

அந்த நாட்களில் அடுப்படியில் அம்மா தனக்குத்தானே முனகியது ஒன்று என் காதில் விழுந்தது. "அவங்கப்பன் மாதிரியே ஆவுதே." நான் உடனே கேட்டேன்: "தாத்தாவுக்கு என்னம்மா?" அம்மா திடுக்கிட்டாள். "ஒண்ணுமில்ல. காட்டுக்கு வெறகு எடுக்கப் போனவரு திரும்பி வரல. போ, போயி தண்ணி எடுத்துக்கிட்டு வா." மாதக்கணக்கில் படுத்திருந்துவிட்டு எழுந்து போனவர் விறகுக்குப் போகவில்லை, உயிரை விடத்தான் போனார் என்பது எனக்குப் புரிய அடுத்த நாற்பது வருடம் பிடித்தது.

சித்திரையில் ஒரு காலை வீட்டுக்குள் சவரச் சோப்பு மணத்தது. அப்பா கண்ணாடித் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பெரட்டுக்குப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து லோரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் மயில்களின் மேல் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அது பிறகும் வந்தது. ஏற்றம் அத்தனை உயரத்துக்குப் போகவில்லை, இறக்கம் மட்டும் ஒவ்வொரு தடவையும் நீண்டது. எனக்குப் பதினெட்டு வயதானபோது ஈப்போ பக்கத்து ஊரில் உள்ள பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் நாம் சின்ன வயதில் ஒருவரையொருவர் கேலி செய்வோம். அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டார்: இவருடைய அப்பாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு, யாருக்காவது இப்படி இருந்ததா? அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். "இல்லீங்க," என்றாள். வெளியே வந்ததும் என் காதோடு சொன்னாள்: "வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு. எதச் சொல்லணும், எதச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

அவர்கள் கொடுத்த மாத்திரையை அப்பா கொஞ்ச நாள் சாப்பிட்டார். நன்றாக இருந்ததும் நிறுத்திவிட்டார். நல்லபடியாக இருக்கும்போது எதற்கு என்று நாங்களும் நினைத்தோம். ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார்.

இனி என் மகளின் கதை. அவள் சிரம்பானில் ஒரு பள்ளியில் ஆசிரியை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அவளுடன் வேலை பார்த்த ஒரு தம்பி எனக்குப் போன் பண்ணினார். "ஆன்ட்டி, அவ ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு வரல. கதவையும் தொறக்க மாட்டேங்கிறா." அவர்தான் இப்போது என் மருமகன். நான் பஸ் ஏறிப் போனேன். வாடகை அறையில் திரைச்சீலையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த முதுகு அது.

தமிழ் லேடி டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். எல்லாம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? ரொம்ப நாள் சோர்ந்துபோய் படுத்திருக்கிறது? இல்லன்னா அதுக்கு நேர்மாறா, தூக்கமே இல்லாம, ரொம்ப குஷியா, பெரிய பெரிய திட்டமா போட்டுக்கிட்டு?"

மகள் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வேறு முதல் நாள் போனில், "பழைய குப்பையக் கிளறாத. புள்ளைக்கு நல்லது நடக்கணும்ல," என்று எச்சரித்திருந்தான்.

"இல்ல டாக்டர். எங்க பக்கத்துல அப்படியெல்லாம் யாருக்கும் இல்ல," என்றேன்.

என் அம்மாவின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

டாக்டர் சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அது சரியான மருந்துதான். சில வாரத்தில் மகள் எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். நான் மலைக்குத் திரும்பி வந்து கோயிலில் அர்ச்சனை செய்தேன். அடுத்த வாரம், இன்னும் சரியாக விடியாத நேரத்தில் போன் வந்தது.

"அம்மா! எனக்கு எல்லாம் சரியாப் போச்சும்மா! நான் ஒரு பழைய பஸ் வாங்கப்போறேன், அத லைப்ரரியா மாத்தி எஸ்டேட் எஸ்டேட்டா கொண்டுபோவப் போறேன், பேங்க்ல பேசிட்டேன், மந்திரிக்கு லெட்டர் போட்டுட்டேன், அம்மா, தூக்கமே தேவப்படல, தூங்குறவங்கள பாத்தா பாவமா இருக்கு..."

அந்நேரத்திலேயே அவள் வரவழைத்திருந்த மருமகன் வாங்கிப் பேசினார். "ஆன்ட்டி, பாத்தீங்களா? அவ பழையபடி ஆயிட்டா. அதவிட நல்லாவே இருக்கா!" அவர் குரலில் அத்தனை நிம்மதி. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் மாற்றுச் சேலையைப் பையில் திணித்தேன். இந்தச் சந்தோஷத்தை அடையாளம் தெரிந்த ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

முதல் பஸ்ஸில் ஏறினேன். டாக்டர் அறையில், மகளையும் மருமகனையும் வைத்துக்கொண்டே சொன்னேன். லோரி, கம்பி, கடிகாரம், தோள் எலும்பு, ஒற்றைப் பூட்ஸ், காட்டுக்குப் போன தாத்தா, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும், "போன தடவ பொய் சொல்லிட்டேன் டாக்டர்," என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "முக்கால்வாசிப் பேர் 'இல்ல'ன்னுதாம்மா சொல்லுவாங்க. நல்ல வேள, இப்ப வந்தீங்க. இது பைபோலர். டிப்ரஷனும் சரி, இதுவும் சரி, குடும்பத்துல ஓடக்கூடியது. ஒரே வீட்டுல ஒருத்தருக்கு சோர்வு மட்டும் வரும், இன்னொருத்தருக்கு ரெண்டும் மாறி மாறி வரும், நெறைய பேருக்கு ஒண்ணுமே வராது. ரத்தத்துல இருந்தா வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல. ஆனா ரெண்டும் வர்றவங்களுக்கு சோர்வு மாத்திரைய மட்டும் தனியாக் குடுத்தா, சில பேர அது மேல தூக்கிவிட்டுடும். அதுக்காகத்தான் கேக்கறோம்."

மகள் அதுவரை நிற்காமல் பேசிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தாவுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பத்தொன்பது வயசுலேர்ந்து எனக்கு இது லேசா வந்து வந்து போவுதும்மா. உலகத்துல நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேன். என் கொணமே கெட்டதுன்னு நெனச்சேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவளை அந்த இருட்டில் துணையில்லாமல் விட்டிருக்கிறேன்.

மருந்தை மாற்றினார்கள். சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பஸ் வரவில்லை, பேங்க் விஷயத்தை மருமகன் ஓடி ஓடி ரத்து செய்தார். பிறகு மெல்ல மெல்லத் தரைக்கு வந்தாள். மூன்று மாதம் என்னோடு இங்கே இருந்தாள். சாயங்காலம் தேயிலைச் சரிவில் நடப்போம். ஒரு நாள் கேட்டாள்: "அந்த லோரி ட்ரிப்பு... அது தாத்தாவாம்மா, வியாதியாம்மா?"

நான் யோசித்துச் சொன்னேன். "வேகம் வியாதியோடது. எங்களுக்கு சோளம் வாங்கிக் குடுக்கணும்னு தோணுச்சே, அது அவரோடதுதான்னு நெனைக்கிறேன்."

அண்ணனுக்கும் போன் பண்ணினேன். முதலில் சத்தம் போட்டான். நான் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் எழுபதை நெருங்கும் என் அண்ணன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப... அவரு சோம்பேறி இல்லியா, பாப்பா?"

"இல்லண்ணே."

அவன் போனை வைத்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, அப்பாவைப் புதைத்த இடத்தில் மண்டியிருந்த புல்லை வெட்டிவிட்டுப் போனான். என் வீட்டுக்கு வரவில்லை. நான் கேட்கவுமில்லை.

போன வருடம் மாப்பிள்ளை வீட்டார் முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவருடைய அப்பா அம்மாவுக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பழக்கம் அத்தனை சுலபத்தில் போகிறதா? மகள் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு விசயம் சொல்லணும். எனக்கு பைபோலர் இருக்கு. டெய்லி மாத்திரை சாப்புடறேன், வேலைக்குப் போறேன், நல்லா இருக்கேன். எங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு. நீங்க வேணாம்னு சொன்னாலும் எனக்கு ஒங்க மேல வருத்தம் வராது. ஆனா தெரியாம நீங்க 'சரி'ன்னு சொல்லக் கூடாது."

மாப்பிள்ளையின் அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தம்மா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி," என்றார் அந்தம்மா. "லண்டன்ல நர்ஸா இருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம். அவ லண்டன் போகல. ஈப்போவுல ஒரு இல்லத்துல இருக்கா. முப்பது வருசமா மாசா மாசம் நான் ஒருத்திதான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். லண்டன் சித்தி ஒருநாளாவது போன் பண்ண மாட்டாரா என்று சின்ன வயதெல்லாம் காத்திருந்தவர் அவர். "ஈப்போவுலயாம்மா?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து ஊர்போல நினைத்து நாமெல்லாம் போய்வருகிற ஈப்போ.

அவர்கள் போன பிறகு நான் மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ரெண்டு பக்கமும் இருக்கே புள்ள. நாளைக்கு ஒனக்குக் கொழந்த குட்டின்னு வந்தா?"

"டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய் உக்காந்து பேசுவோம்மா," என்றாள். "வந்தாலும் அது பேர சொல்லிக்குடுத்து வளப்பேன். பேயின்னும் சொல்ல மாட்டேன், சோம்பேறின்னும் சொல்ல மாட்டேன்."

கல்யாணத்தன்று நீங்கள் லோரிக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் நீலப் பட்டுச் சேலை கட்டி, யாரோடும் பேசாமல், மேளச் சத்தம் பெரிதாகும்போதெல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று உங்களில் இருவர் என்னிடம் கேட்டீர்கள். நான் அவசரத்தில் பதில் சொல்லாமல் போய்விட்டேன். அவர் மாப்பிள்ளையின் சித்தி. ஈப்போவிலிருந்து வந்திருந்தார்.